கள்ளு மணத்த பூசணிக்கொடி

ஒக்டோபர் மூன்றாம் கிழமை. இரவு முழுக்கக் கொட்டிய மழை விடியப்புறம்தான் விட்டது. டோர்ச்சை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனால், தாய்க்கொடி இரண்டாம் கணுவிலிருந்து ஐந்தாம் கணு வரை நீளத்துக்கு வாய் பிளந்து கிடக்கிறது. சமைத்த முருங்கைக்காயை விரலால் பிரித்து வைத்தது போல. என் பெருவிரலை விடத் தடித்த கொடி அது. பிளவுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். உள்ளே வெறும் குழாய், குழாய் நிறையத் தண்ணீர்.

படம் எடுத்து கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிற மச்சானுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். எனக்குக் காலை ஆறு மணி, அவனுக்கு முதல்நாள் இரவு எட்டரை. உடனே பதில் வந்தது: "பிளந்தா பயப்படாதை. சாகாது. காய விடு."

காய விடு என்றதை நான் சரியாகக் கேட்டிருக்கலாம். ஆனால் அந்த நேரம் எனக்கு அது ஒழுகுகிற பைப் மாதிரித்தான் தெரிந்தது. ஒழுகுகிற பைப்புக்கு வீட்டில் என்ன செய்வோமோ அதைச் செய்தேன். கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்துப் பிளவு முழுவதையும் இறுக்கிச் சுற்றி, மேலே கொஞ்சம் ஈர மண்ணையும் போட்டு மூடிவிட்டு வேலைக்குப் போனேன். நல்லதொரு வேலை செய்த திருப்தி வேறு.

மூன்றாம் நாள் மாலை கேற்றைத் திறக்கும்போதே மணம் வந்தது. புளித்த கள்ளு மணம். மனைவி பக்கத்து வீட்டைச் சந்தேகப்பட்டாள். பின்னால் போய்ப் பார்த்தால் கொடியின் அடித்தண்டில் சவர்க்கார நுரை மாதிரி வெள்ளையாகப் பொங்கிக்கொண்டிருக்கிறது. சுற்றிச் சின்ன ஈக்கள், ஒரு வரிசை எறும்பு. டேப்பைப் பிரித்தேன். டேப்போடு தோலும் சேர்ந்து வந்தது. உள்ளே அவித்த கத்தரிக்காய்ச் சதை.

நான் வளர்த்தது நம் சந்தைப் பூசணி இல்லை. அட்லான்டிக் ஜயன்ட். கனடாவில் நோவா ஸ்கோஷியாவைச் சேர்ந்த ஹாவர்ட் டில் என்ற கமக்காரர் பல வருசம் தெரிந்தெடுத்து உருவாக்கிய இராட்சதப் பூசணி. இப்போதைய உலக சாதனைக் காய்கள் எல்லாம் இந்த வம்சம்தான். 2023இல் அமெரிக்காவில் 1,246 கிலோ, 2025இல் இங்கிலாந்தில் இரட்டைச் சகோதரர்கள் கொண்டுவந்த காய் 1,278 கிலோ. மச்சான் தன் வளவில் வருசாவருசம் இதை வளர்ப்பான். விதை அனுப்பவா என்று கேட்டான், நான் வேண்டாம் என்றேன். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி, அனுமதி இல்லாமல் விதையைத் தபாலிலோ பெட்டிக்குள்ளோ கொண்டுவர முடியாது. அது நல்ல சட்டம் என்பதுதான் என் எண்ணம். ஒரு விதையோடு என்னென்ன நோய் வரும் என்று யாருக்குத் தெரியும்? பிறகு புறக்கோட்டையில் ஒரு விதைக்கடையில் இறக்குமதிப் பக்கற் ஒன்று அகப்பட்டது. ஐந்து விதை. மூன்று முளைத்தது, ஒன்றை வைத்துக்கொண்டேன்.

கொழும்பை ஒட்டிய தெஹிவளையில் நாங்கள் இருக்கிற வாடகை வீட்டுக்குப் பின்னால் மூன்று பேர்ச் மட்டில் வெறும் நிலம். கபூக் என்கிற இறுகிய செம்மண்ணும் கட்டட உடைசலும் கொட்டி நிரப்பிய நிலம். அலவாங்கு போட்டால் 'டங்' என்று கேட்கும். அதில் கிடங்கு வெட்டி, மாட்டெரு, கோழி எரு, தும்புச்சோறு எல்லாம் நிரப்பித்தான் கன்றை வைத்தேன். வைத்தது ஓகஸ்ட் தொடக்கத்தில். இங்கேதான் முதல் பிழை. கிடங்கு என்றால் என்ன? சுற்றிலும் கல்லு மாதிரி மண், நடுவில் பஞ்சு மாதிரி எரு. மழைக்கு அது ஒரு தொட்டி. கொழும்பில் ஒக்டோபர் மாதச் சராசரி மழை மட்டும் 350 மில்லிமீற்றர். நான் அந்தத் தொட்டிக்குள் செடியை வைத்துவிட்டு ஒக்டோபருக்காகக் காத்திருந்திருக்கிறேன்.

இரண்டாவது பிழை, மச்சான் சொன்னதை அப்படியே செய்தது. அங்கே கொடி ஓட ஓட, ஒவ்வொரு கணுவாக மண்ணுக்குள் தாட்டுக்கொண்டு போவார்கள். கணுவில் புது வேர் விடும், காய்க்குச் சாப்பாடு கூடும், காற்றும் கொடியைப் புரட்டாது. நானும் தாட்டேன். கணுவை மட்டும் இல்லை, நீட்டு நீட்டாக முழுக்கொடியையும். யாழ்ப்பாணத்தில், ஏழாலையில் இருக்கிற மாமாவுக்கு வீடியோ கோலில் காட்டியபோது, ஆள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்தார்.

"தம்பி, தண்ணி நிக்கிற இடத்தில கொடியை ஏன் தாட்டனீங்கள்?"

"வேர் விடுமாம் மாமா."

"விடும். அழுகவும் செய்யும்."

அவர் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. மருமகன் செய்கிற வேலையில் ஓரளவுக்கு மேல் வாய் வைக்க மாட்டார்.

கொடி ஏன் இரவில் பிளந்தது என்பது பிறகு வாசித்தும் கேட்டும் விளங்கியது. வேர் இரவிலும் தண்ணீரை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். பகலில் இலைகள் அதை ஆவியாக விட்டுவிடும். மழை இரவில் காற்றே ஈரம், இலையால் ஒன்றும் விட முடியாது. விடிய இலை ஓரங்களில் முத்து முத்தாகத் துளி நிற்குமே, அதில் பாதி பனி இல்லை, செடி கசிய விட்ட தண்ணீர்தான். அடியிலிருந்து தள்ளல், மேலே அடைப்பு. நடுவில் இருக்கிறது அவசரமாக வளர்ந்த மெல்லிய தண்டு. நான் கிழமைக்கொரு தரம் யூரியா வேறு கரைத்து ஊற்றியிருந்தேன். நைதரசன் கூடினால் தண்டு தடிக்கும், ஆனால் இறுகாது. ஊதிய பலூன் மாதிரித்தான்.

அதே பாத்தியின் மூலையில் நம் சந்தைப் பூசணிக் கொடி ஒன்றும் தானாக முளைத்து ஓடிக்கொண்டிருந்தது. சமையலறைக் கழிவோடு விழுந்த விதை. அதே மழை, அதே மண், ஒரு கீறல் இல்லை. அது வேறு இனம், தண்டு ஒடுங்கல், விளிம்பு பிடித்த இறுக்கமான தண்டு. இராட்சதன் குளிர் ஊரில் பிறந்த உருண்டைத் தண்டுக்காரன். இந்த வித்தியாசத்தை முதலே பார்த்திருந்தால் மூலைக் கொடியைப் பிடுங்கப் போன கையால் அதைக் கும்பிட்டிருப்பேன்.

டேப் கதையைக் கேட்டதும் மச்சான் கோல் எடுத்தான். "டேப்போ சுத்தினனீ? உள்ள தண்ணி எங்கால போறது?" பிறகு கமராவைக் காட்டச் சொல்லி, அங்கே இருந்தபடியே என்னை வைத்து ஒப்பறேஷன் செய்வித்தான்.

புது பிளேட் ஒன்று. சேர்ஜிக்கல் ஸ்பிரிட். பழைய டூத்பிரஷ். துடைக்க டிஷு. ஒவ்வொரு வெட்டுக்கும் பிளேட்டை ஸ்பிரிட்டில் தோய்த்துத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் அழுகலை நாமே நல்ல இடத்துக்குக் கொண்டுபோகிறோம். கூழாக இருப்பதைச் சுரண்டி எடுப்பது சுலபம். எங்கே நிறுத்துவது என்பதுதான் கஷ்டம். இளம்பச்சை நிறத்தில், நகத்தால் அழுத்தினால் வெள்ளரிக்காய் மாதிரி 'கறுக்' என்று இருக்கிற இடம் வரை போக வேண்டும். வெள்ளையாகத்தான் இருக்கிறது, ஆனால் மண்ணிறக் கோடு ஓடுகிறது என்றால் இன்னும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். நான் முதல்நாள் பாவம் பார்த்து அந்தக் கோட்டை விட்டுவிட்டேன், இரண்டு நாளில் திரும்ப நுரைத்தது. இரண்டாம் தரம் தண்டின் சுற்றுவட்டத்தில் பாதிக்கு மேல் வெட்டி எறிந்தேன். பார்க்க வயிற்றைப் பிசையும். ஆனால் சாறு கொண்டுபோகிற நரம்புகள் தண்டின் சுவரில் வட்டமாகத்தான் ஓடுகின்றன, நடுப்பகுதி வெறும் வெளி. சுவரில் மிஞ்சுகிறது உறுதியாக இருந்தால் அதுவே செடியைத் தாங்கும்.

அடுத்தது வடிகால். குழாயின் ஆகப் பதிந்த இடத்தில், அடிப்பக்கமாக ஒரு சின்னத் துளை போடச் சொன்னான். போட்டதும் கால் கப் மட்டில் நாறல் தண்ணீர் ஓடியது. அவ்வளவும் உள்ளே நின்றிருக்கிறது.

அதன் பிறகு மேசை ஃபானைக் கொண்டுபோய் வைத்து இரண்டு நாள் காற்று. மழை நேரத்தில் எக்ஸ்டென்ஷன் கோட்டை முற்றத்தில் இழுத்துப் போடாதீர்கள். நான் ஃபானையும் பிளக்கையும் பின்விறாந்தைக்குள்ளேயே வைத்து, தூரத்திலிருந்துதான் ஊத விட்டேன். மின் ஒழுக்கு வந்தால் கரண்டைத் துண்டிக்கிற ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று பட்டனை அழுத்திப் பார்த்துவிட்டே தொடங்கினேன். காய்ந்து தோல் மாதிரி ஆன பிறகு, கப்டான் என்ற பங்கசு நாசினித் தூளைத் தோசைமாப் பதத்தில் குழைத்துப் பூசினேன். கையுறை, முகக்கவசம் கட்டாயம். பக்கற்றில் அறுவடைக்கு முன் எத்தனை நாள் என்று போட்டிருப்பதையும் வாசிக்க வேண்டும். கறுவாத்தூள் பூசினாலும் போதும் என்று சிலர் சொல்வார்கள். ஒரு காயத்துக்கு அதையும் பூசினேன், அதுவும் ஆறியது. ஃபான் காற்றுத்தான் இரண்டையும் ஆற்றியது என்று நான் நினைக்கிறேன். பங்கசு நாசினியைத் தண்ணீரில் கரைத்துக் காயத்தின் மேல் தெளிப்பது மட்டும் வேண்டாம், காய வைத்ததை நாமே நனைப்பது அது.

இந்த வேலை நடக்கும்போதுதான் எல்லாவற்றிலும் பெரிய குற்றவாளியைக் கண்டுபிடித்தேன். அடித்தண்டுக்கு அருகே பழுத்த இலைகளை நான் கத்தரிக்கோலால் நறுக்கி விட்டிருந்தேன், காற்றோட்டத்துக்கு என்று. பூசணி இலைக்காம்பை வெட்டிப் பார்த்திருக்கிறீர்களா? ஸ்ட்ரோ மாதிரி முழுக்க ஓட்டை. நான் அரை அடி விட்டு வெட்டிய காம்புகள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன. ஒவ்வொன்றும் ஒரு சின்னக் கிளாஸ். மழை நிரப்பியது, தண்ணீர் புளித்தது, அழுகல் காம்பு வழியாக நேரே தாய்க்கொடிக்குள் இறங்கியது. நான் எண்ணிய ஐந்து அழுகல் இடங்களில் மூன்று இப்படி வெட்டிய காம்பின் அடி. பிளவைப் பார்த்துத்தான் பதறினேன், ஆனால் அது வெளியே தெரிந்த காயம் மட்டும்.

இப்போது இலை வெட்டுவதென்றால் அடுத்த இரண்டு நாள் மழை இல்லை என்று தெரிந்தால் மட்டும்தான். கொடியோடு ஒட்ட வெட்டுவதில்லை, காயம் கொடியில் விழும். நீளமாக விட்டு, நடுவில் மடக்கி, வாய் நிலத்தைப் பார்க்க வைத்துவிடுவேன். இரண்டு மூன்று நாளில் சுருங்கித் தானாகக் கழன்று விழும்.

முதல் போகம் எப்படி முடிந்தது என்று கேட்டால், நவம்பர் தொடக்கத்தில் அடித்தண்டு முழுதாகப் போய்விட்டது. ஆனால் செடி சாகவில்லை! தாட்ட கணுக்களில் விட்ட வேர் அதைத் தனியே தாங்கியது. அங்கேதான் மச்சான் சொன்னதிலும் நியாயம் இருந்தது. காயும் அந்த வேரில் மெல்ல மெல்லப் பெருத்தது. பிறகு எட்டு நாள் மழையே இல்லை, நானும் தண்ணீர் ஊற்றவில்லை. இவ்வளவு நாள் நனைந்ததே போதும் என்று ஒரு எண்ணம். ஒன்பதாம் நாள் பின்னேரம் ஒரே அடியாக மழை. விடியப் பார்த்தால் காம்பைச் சுற்றிய வளையத்திலிருந்து காய் வெடித்து, விதை தெரிகிறது. மேல்தோலில் விழுகிற கீறலைக் காய வைத்துக் காப்பாற்றலாம். உள்ளறை வரை போன வெடிப்புக்கு மருந்து இல்லை. 14 கிலோ. அன்றே வெட்டிக் கறியாக்கி, மாடிவீட்டுக்கும் கொடுத்தோம். சுவை சுமார். இராட்சதப் பூசணியைச் சுவைக்காக யாரும் வளர்ப்பதில்லை என்பதை இங்கே நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். தேங்காய்ப்பால் விட்டால் எதுவும் இறங்கும்.

இரண்டாம் போகத்துக்கு முதலில் மாற்றியது நாட்காட்டியை. நவம்பர் கடைசியில் விறாந்தையில் விதை போட்டு, டிசெம்பர் நடுவில் கன்றை இறக்கினேன். கொழும்பில் ஜனவரி, பெப்ரவரி இரண்டும் ஆகக் குறைந்த மழை உள்ள மாதங்கள். மாதத்துக்கு 60, 70 மில்லிமீற்றர். காய் பெருக்கிற முக்கியமான நாட்கள் அதற்குள் விழ வேண்டும், ஏப்ரல் நடு இடிமழைக்கு முன் வெட்ட வேண்டும்.

கிடங்கை மூடி, அதன் மேல் ஒன்றரை அடி உயரத்துக்கு மேடு போட்டேன். கன்றை மேட்டின் உச்சியில். சுற்றி ஒரு வாய்க்கால், ஒழுங்கைக் கானைப் பார்த்த சரிவோடு. சரிவு சரியா என்று ஒரு வாளி தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன். டெங்கு காலத்தில் பீ.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வளவுக்குள் வந்து சிரட்டையைக் கூடக் கவிழ்த்துப் பார்ப்பார், தேங்கிய வாய்க்காலைக் கண்டால் என் பூசணி ஆசை நீதிமன்றம் வரை போகும்.

அடித்தண்டுக்கு மேலே ஒரு தகரத் துண்டு, நான்கு கம்பியில், முழ உயரத்தில், நாற்பக்கமும் காற்று போக. தறப்பாள் போட்டு மூடினால் உள்ளே வேர்த்துக் கொட்டும், அதுவும் டேப் கதைதான். கொடியை இந்த முறை முழுக்கத் தாட்டு வைக்கவில்லை. கணுவில் மட்டும் ஒரு கை மண், மற்ற நீளமெல்லாம் உடைந்த பீலி ஓடுகளைக் கவிழ்த்து அதன் முதுகில் படுக்க விட்டேன். வீட்டுக்கார அம்மா பழைய கூரை ஓட்டை மதிலோரம் அடுக்கி வைத்திருந்தது உதவியது. தேங்காய்ப் பொச்சும் போட்டுப் பார்த்தேன். அது ஒரு மழையைக் குடித்தால் ஒரு கிழமை ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது, எடுத்து எறிந்தேன்.

யூரியாவைப் பிஞ்சு பிடித்ததோடு நிறுத்தினேன். தண்ணீர் தினமும் காலையில், அளவாக, மழை பெய்த நாள் தவிர. காய்க்கும் செடிக்கும் திடீரென்று கிடைப்பதுதான் ஆகாது. பூ கட்டும்போதும் மழை பார்க்க வேண்டும். மகரந்தம் நனைந்தால் வெடித்து வீணாகிவிடும். அதனால் முதல்நாள் மாலையே ஆண்பூவையும் பெண்பூவையும் நூலால் கட்டி மூடிவைத்து, விடிய ஆறரைக்கு அவிழ்த்து, ஆண்பூவின் மகரந்தத்தைப் பெண்பூவில் தடவி, திரும்பக் கட்டினேன்.

பிஞ்சின் அடியில் மூன்று அங்குலம் ஆற்றுமணல், அதன்மேல் கிடுகு. கிடுகு மாமாவின் யோசனை. கிழமைக்கொரு தரம் மாற்றச் சொன்னார், காய் கையால் தூக்கக்கூடிய வரைக்கும் மாற்றினேன். வெயிலுக்குப் பழைய வெள்ளைப் படுக்கைவிரிப்பைக் காயின் மேல் போட்டேன். வெயிலில் தோல் இறுகிவிட்டால் பிறகு பெருக்கும்போது வெடிக்கும். ஆனால் மழை வந்தால் அந்த விரிப்பை ஓடிப்போய் எடுக்க வேண்டும், ஈரத்துணி காம்பில் ஒட்டிக்கிடந்தால் அங்கேயே அழுகல் தொடங்கும். வேலைநாட்களில் இது மனைவியின் பொறுப்பு ஆனது. அவளிடம் கேட்டால் வேறு கதை சொல்வாள்.

காய் பெருக்கப் பெருக்க அதன் தோள் உயர்ந்து காம்பையும் கொடியையும் மேலே தூக்கும். கணு வேர் நிலத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் கொடி கிழியும் அல்லது காம்பு முறியும். ஆகவே காய்க்கு இரு பக்கமும் இரண்டடிக்குள் உள்ள கணு வேர்களை நானே வெட்டி விட்டேன். கணு மண்ணைப் பிடிக்கக் கூடாத இடம் அது ஒன்றுதான்.

இவ்வளவு செய்தும் மார்ச்சில் ஒரு இரவு மழைக்குக் கொடி திரும்பவும் பிளந்தது. ஒரு சாண் நீளம். இந்த முறை நான் செய்தது இவ்வளவுதான்: டிஷுவால் ஒற்றினேன், பிளவைக் கீழ்ப்பக்கம் பார்க்க மெல்லத் திருப்பி ஓட்டின் விளிம்பில் வைத்தேன், கைகழுவிக்கொண்டு வேலைக்குப் போனேன். நாலாம் நாள் ஓரங்கள் கபில நிறமாகித் தடித்து, உதடு மாதிரி மூடத் தொடங்கின.

ஏப்ரல் 9ஆம் திகதி, வானம் தெற்கே கறுத்துக்கொண்டு வந்த ஒரு பின்னேரம், காயை வெட்டினேன். இரண்டு பேர் சாக்கில் வைத்துத் தூக்கி, சந்தியில் போத்தல், பேப்பர் வாங்குகிற கடைத் தராசில் வைத்தோம். 46 கிலோ. தராசுக்காரர் என்ன விலைக்குத் தருகிறேன் என்று கேட்டார். ஸ்காபரோவில் இது பிஞ்சு என்று தெரியும். இங்கே இரவிலும் இருபத்தைந்து பாகை வெப்பம், செடி பகலில் தேடியதில் ஒரு பங்கை இரவில் தானே மூச்சுவிட்டுத் தின்றுவிடுகிறது. அந்த ஊர் நிறை இந்த ஊரில் வராது. மச்சான் படத்தைப் பார்த்துவிட்டு, "காயை விடு, அடித்தண்டைக் காட்டு" என்றான்.

அடுத்த நாள் அதைப் பிடுங்கி, கத்தியால் நீளத்துக்குப் பிளந்து படம் எடுத்தேன். பழைய காயம் தக்கை மாதிரி இறுகியிருந்தது. குழாயின் உள்சுவர் வெள்ளை, கடதாசி மாதிரிக் காய்ந்து. பிளந்த குழாய்க்குள் ஒரு எறும்பு வந்து, அங்குமிங்கும் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று திரும்பிப் போனது.